இரண்டு பெட்டிப் பேரிக்கன்றுகள்

பற்றிமா கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்தவள். தகப்பன் மீன்வாடி வைத்திருந்தார். முப்பது வயது வரைக்கும் அவள் தன் கையால் ஒரு மரம் நட்டதில்லை. ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே, ரெம்ஸ் ஆற்றுப் பக்கம் கெய்கர் என்பவர் நடத்திய பழமரக் கன்றுப் பண்ணையில் 1992ஆம் ஆண்டு அவளுக்கு வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், மாசிக் குளிரில் திறந்த கொட்டிலுக்குள் நின்று கத்தி பிடிக்க வேறு ஒருவரும் வரவில்லை என்பதுதான்.

கன்று ஒட்டுகிற வேலை. வேர்பிடித்த அடிக்கன்றின் தலையை வெட்டிவிட்டு, நல்ல சாதி மரத்தின் குச்சியை அதன்மேல் பொருத்திக் கட்ட வேண்டும். இரண்டு வெட்டும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தால் ஒட்டுப் பிடிக்கும். மூன்றே வருடத்தில் பண்ணையிலேயே சிறந்த கை பற்றிமாவின் கை என்றாயிற்று. அவள் ஒட்டுகிற நூறில் தொண்ணூற்றாறு பிடிக்கும் என்று கெய்கர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். அப்போது அவள் குனிந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனதும் கணவன் யாகோப்புக்கு அதைச் சொல்லுவாள். ஒரு தரம் அல்ல, இரண்டு மூன்று தரம். பிழை விடாதவள் என்ற பெயர் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதே பண்ணையில் வேலையாட்களுக்குத் தலைவராக இருந்தவர் நவரத்தினம். யாழ்ப்பாணத்தவர், ஐம்பது தாண்டியவர். ஜேர்மன் மொழியை ஊன்றிப் படித்தவர் என்பதால் கன்றுகளுக்கான பெயர் அட்டைகளை எழுதுவதும் நடுகைப் புத்தகத்தை நிரப்புவதும் அவர் பொறுப்பு. அச்சுப் போன்ற எழுத்து. பற்றிமாவின் வீடு அவர் போகிற வழியில் இருந்ததால் மாலையில் தன்னுடைய பழைய ஓப்பல் காரில் அவளை இறக்கிவிட்டுத்தான் போவார்.

இரண்டாயிரமாம் ஆண்டு மாசி மாதம் அது நடந்தது.

ஐசலே என்ற விவசாயப் பெண்மணி அறுபது பேரிக்கன்றுகள் கேட்டிருந்தார். ஆற்றுக்கு மேலே சரிவில் அவருக்கு ஒரு பழைய திராட்சை நிலம் இருந்தது. கல்லும் வெய்யிலுமான மேடு. எழுபது வயதை நெருங்கிய அவரால் திராட்சையோடு இனிப் பாடுபட முடியவில்லை. பேரி நட்டுவிட்டால் அது தன்பாட்டில் நிற்கும், பழத்தைப் பிழிந்து சாறெடுக்கலாம், வற்றல் போடலாம் என்று எண்ணினார். தண்ணீர் ஊற்ற வழியில்லாத இடம் என்பதால் காட்டுப் பேரியின் விதையில் முளைத்த அடிக்கன்றில்தான் ஒட்ட வேண்டும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். அந்தக் கன்றுக்கு ஒற்றை ஆணிவேர். பாறை வெடிப்புக்குள்ளும் இறங்கி ஈரத்தைத் தேடும். பூக்க எட்டு வருடம், பத்து வருடம் ஆகும். ஆனால் எந்தக் கோடையையும் தாங்கும்.

அவற்றை ஒட்டிய அதே கிழமைக்குள், அதே சாதிப் பேரியின் குச்சிகளை இன்னும் அறுபது கன்றுகளில் பற்றிமா ஒட்டினாள். அவை குவிட்ட என்கிற, பேரிக்குத் தூரத்து உறவான சிறு மரத்தின் அடிக்கன்றுகள். அதன் வேர் தேங்காய்த் தும்பு போல மேல்மண்ணிலேயே படரும். மரம் குள்ளமாக நிற்கும், மூன்றாம் வருடமே காய்க்கும், ஆனால் மண் காயக்கூடாது. வீட்டுத் தோட்டக்காரர்கள் அதைத்தான் வாங்குவார்கள்.

ஒட்டி முடிந்த கன்றுகளின் வேர்களை ஈர மரத்தூளோடு பைகளில் கட்டி, இரண்டு பெட்டிகளில் அடுக்கினாள். நவரத்தினம் எழுதிக் கொடுத்த இரண்டு அட்டைகளையும் கம்பியால் பெட்டிகளில் தொங்கவிட்டாள். அன்று இரண்டு மணிக்கு அவளுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவுக்கான டெர்மின், குறித்துக் கொடுத்த சந்திப்பு நேரம். அதைத் தவறவிட்டால் இன்னும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

"நீ வெளிக்கிடு தங்கச்சி, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றார் நவரத்தினம். "இந்த ரெண்டு பெட்டியையும் மட்டும் நிலவறையில வைச்சிட்டுப் போ."

தள்ளுவண்டியில் பெட்டிகளை வைத்து அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். நிலவறை வாசலில் தண்ணீர் உறைந்து கிடந்தது. தள்ளுவண்டியின் சில்லு வழுக்கி, வண்டி சரிந்தது. இரண்டு பெட்டிகளும் கவிழ்ந்து, கன்றுக் கட்டுகள் உருண்டன. அட்டைகள் கம்பியோடு கழன்று விழுந்தன.

கட்டுகள் கலக்கவில்லை. இரண்டு குவியலாகத்தான் கிடந்தன. ஆனால் எந்தக் குவியல் எது? வெளியே தெரிந்த குச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு பையை அவிழ்த்து வேரைப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. மணி ஒன்று பத்து. பஸ் ஒன்று இருபதுக்கு. இடப்பக்கம் விழுந்தது இடப்பக்கப் பெட்டிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுக்கினாள், அட்டைகளைத் தொங்கவிட்டாள், நாளைக்கு வந்து பார்ப்போம் என்று ஓடினாள்.

"சரியே?" என்று கொட்டிலிலிருந்து கேட்டார் நவரத்தினம்.

"எல்லாம் சரி அண்ணை!"

மறுநாள் காலையில் அந்தப் பெட்டிகளுக்கு மேலே வேறு ஆறு பெட்டிகள் அடுக்கியிருந்தன. இறக்கிப் பார்க்க வேண்டுமென்றால் யாரையாவது உதவிக்குக் கூப்பிட வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். அவள் கூப்பிடவில்லை.

சித்திரையில், சேறு பூசி வேர் மறைந்த கன்றுகளை நடுகை இயந்திரத்தில் நவரத்தினம்தான் வைத்தார். அடுத்த வருடம் கார்த்திகையில் மழைக்குள் மண்ணைத் தோண்டிக் கிளப்பி, வேரெல்லாம் மண் அப்பியபடி ஐசலேயிடம் அனுப்பினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பற்றிமா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டமும் ஒன்றும் நடக்காமல் கடந்தபோது, அப்படியானால் நான் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இதற்கிடையில் விசாவும் கிடைத்திருந்தது.

2003 சித்திரையில் ஐசலே ஒரு கேக்கைக் கையில் ஏந்திக்கொண்டு பண்ணைக்கு வந்தார். "பூத்திருக்கின்றன! நட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அறுபதும் பூத்திருக்கின்றன!" கெய்கர் சிரித்து நவரத்தினத்தின் தோளில் தட்டினார். எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். பற்றிமா தன் துண்டைக் கடதாசியில் சுற்றி வைத்தாள். காட்டுப் பேரியின் வேரில் நிற்கிற மரம் அந்த வயதில் பூக்காது. அது பூக்கிறதென்றால் வேர் அது அல்ல.

இப்போது அவளுக்குத் தெரியும். சொல்லவும் நேரம் இருந்தது. வசந்தத்திலேயே சொல்லியிருந்தால் மரத்தடிகளில் வைக்கோல் போட்டு மூடி, தண்ணீருக்கு ஒரு வழி செய்து, பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். இந்த வருடம் நல்ல மழை பெய்தால் ஒருவருக்கும் தெரியவராது என்று அவள் எண்ணினாள்.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. வைகாசியில் நின்ற மழை ஆவணி வரை வரவில்லை. வெப்பம் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று ஏறியது. ஓடைகளிலிருந்து தண்ணீர் எடுக்கக் கூடாதென்று ஊராட்சி தடை போட்டது. ஐசலே தன் வீட்டுக் குழாயில் பீப்பாய்களை நிரப்பி டிராக்டரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய், அறுபது மரங்களுக்கும் வாளியால் ஊற்றினார். அதைக் கேள்விப்பட்ட கெய்கர், உதவிக்கு நவரத்தினத்தையும் பற்றிமாவையும் அனுப்பிவைத்தார்.

மூன்று நாள் ஊற்றினார்கள். இலைகள் விளிம்பில் கருகி, சுண்டினால் நொறுங்கின. பிஞ்சுகள் சுருங்கிக் கொட்டின. வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறும்போது ஐசலேக்கு மூச்சு வாங்கியது. நிலத்தின் எல்லையில் யாரும் நடாத ஒரு காட்டுப் பேரி நின்றது. அதற்கு ஒரு சொட்டும் ஊற்றவில்லை. இலை ஒன்றும் வாடாமல் பளபளத்துக்கொண்டு நின்றது. ஐசலே அதைக் காட்டிக் கேட்டார்: "இதே வேர்தானே என் மரங்களுக்கும்? பிறகு ஏன் இப்படி?"

நவரத்தினம் மொழிபெயர்க்கத் தேவையில்லாத அளவுக்கு அந்தக் கேள்வி பற்றிமாவுக்கு விளங்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்புக்குள் போன கல்லை எடுக்கிறவள் போலக் குனிந்தாள்.

மூன்றாம் நாள் கெய்கரே மேட்டுக்கு வந்தார். மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் ஒரு மரத்தடியில் நின்றார். ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து ஒரு தளிர் வெடித்திருந்தது. வட்டமான இலை, அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு படிந்திருந்தது. பறித்துத் தடவிப் பார்த்தார்.

"குவிட்ட" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பண்ணைக்குத் திரும்பியதும் நடுகைப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார். பழைய அட்டைகள் ஒட்டியிருந்த பக்கம். அச்சுப் போன்ற எழுத்து. "இது யாருடைய எழுத்து?"

நவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "என்னுடையதுதான்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். "நானே நட்டேன். நானே கிளப்பினேன். எங்கேயோ மாற்றியிருக்கிறேன்."

பற்றிமா அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். அட்டைகள் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தன, தொங்கிய இடம்தான் பிழை என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நவரத்தினம் கெய்கரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் ஐசலேயின் வீட்டுக்கும் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

ஐசலே வீட்டுக்குப் போய்வந்த அன்று மாலை, பற்றிமாவோடு வரும்போது அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "பற்றிமா, எனக்கு அண்டைக்கு நடந்தது ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை. எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

"விடுங்கோ அண்ணை" என்றாள் பற்றிமா. "ஆருக்கும் வாறதுதானே."

அவளுடைய வாழ்க்கையில் அவள் சொன்ன எல்லாச் சொற்களிலும் இந்தச் சொற்களைத்தான் திரும்ப எடுக்க முடிந்தால் எடுப்பாள். பேசாமல் இருந்தது ஒன்று. பிழை விட்டவள் தானாக இருந்துகொண்டு, விடாதவருக்கு ஆறுதல் சொன்னது வேறொன்று.

கெய்கர் தலைமைப் பொறுப்பை நவரத்தினத்திடமிருந்து எடுத்துப் பற்றிமாவிடம் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் கேட்பார்கள் என்று பயந்தாள்; ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். கத்திகள் வைக்கும் அலுமாரியைப் பூட்டுகிற திறப்பை நவரத்தினம் அவள் கையில் வைத்தபோது, "நீ பிழை விடமாட்டாய்" என்றார். பகடியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

ஐப்பசி முடிவில் அவர் வேலையை விட்டார். மனைவி சந்திராவோடு, மகள் கிரிஜா இருந்த டுசல்டோர்ஃபுக்குக் குடிபோனார்.

அந்தக் குளிர்காலத்தில் பற்றிமாவின் கை தடுமாறத் தொடங்கியது. நூறுக்கு எண்பதுகூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தரம், மூன்று தரம் அவிழ்த்து வேரைப் பார்த்தாள். தவக்காலத்தில் தேவாலயத்துக்குத் தமிழ்ப் பூசை வைக்க வந்த சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். கடவுளிடம் சொல்லியாயிற்று, இதோடு ஆறிவிடும் என்று நினைத்தாள். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மனிசனுக்குச் சொன்னியளே?"

"இல்லை சாமி."

"அவருக்குச் சொல்லுங்கோ. உங்களுக்கு வேற அபராதம் நான் தரேல்லை."

பிறகும் இரண்டு மாதம் போயிற்று. யாகோப்பிடம் சொன்னபோது அவன், "இப்ப சொல்லி என்ன வரப்போகுது? அந்தாள் அங்க நிம்மதியா இருப்பார்" என்றான். அதை நம்ப அவள் எவ்வளவோ முயன்றாள். கடைசியில் 2004 வைகாசியில் ஒரு சனிக்கிழமை, தனியாக ரயில் ஏறினாள்.

கதவைத் திறந்தவள் சந்திரா. முகம் மலர்ந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வா பிள்ளை, எவ்வளவு நாளாச்சு! அவர் கடைக்குப் போட்டார். நடந்துதான். இப்ப கார் ஓடுறேல்லை."

"ஏன் அக்கா?"

சந்திரா குரலைத் தாழ்த்தினாள். "ஞாபகம் பிசகுதாம். உங்கட பண்ணையில நடந்த பிழைக்குப் பிறகுதான் எங்களுக்கும் தெரிஞ்சது. இப்ப நரம்பு டொக்டரிட்டைக் காட்டிறம். படம் எல்லாம் எடுத்தவங்கள். ஒண்டும் இல்லையெண்டுதான் சொல்லுறாங்கள், ஆனா அவர் நம்புறேல்லை. அடுப்பைப் பூட்டினனானோ எண்டு நாலு தரம் வந்து பார்க்கிறார். சில நேரம் எனக்கும் சந்தேகம் வந்திடும். கார்த் திறப்பை நான்தான் ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

பற்றிமா சோபாவின் நுனியில் இருந்தாள். வேலையை மட்டும்தான் அவரிடமிருந்து பறித்தேன் என்று நினைத்து அவள் வந்திருந்தாள்.

நவரத்தினம் வந்தார். மெலிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, வாங்கின சாமான்களைச் சரிபார்த்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். மூன்றே மூன்று சாமான்கள். பிறகுதான் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, நான் ஒண்டு சொல்ல வந்தனான்" என்று எழுந்து நின்றாள். இருந்துகொண்டு சொல்ல அவளால் ஏலவில்லை. வண்டி சரிந்ததிலிருந்து தொடங்கி, காரில் சொன்ன ஆறுதல் வரைக்கும், விடாமல் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. கேள்வி கேட்டார்.

"அட்டை கழண்டு விழுந்ததோ, நீ கழட்டினனியோ?"

"விழுந்தது அண்ணை."

"நான் எழுதினது?"

"நீங்கள் எழுதினது சரி."

"சரியே எண்டு நான் உன்னட்டைக் கேட்டனான்."

"ஓம் கேட்டனீங்கள். கொட்டிலுக்குள்ள இருந்து கேட்டனீங்கள்."

"நீ எல்லாம் சரியெண்டு சொன்னனி."

"ஓம் அண்ணை."

"அப்ப எனக்கு ஞாபகம் வராததுக்குக் காரணம்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "அங்க ஞாபகம் வைச்சிருக்க ஒண்டும் நடக்கேல்லை. என்னட்டை ஒண்டும் நடக்கேல்லை."

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பற்றிமாவுக்குத் தெரியவில்லை. சந்திரா குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றாள். அவள் அந்தத் தட்டை மேசைக்குக் கொண்டுவரவில்லை.

"எட்டு மாசம்" என்றாள் சந்திரா. "எட்டு மாசம் நான் இவரைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறன். என்ர புருசனை நானே நம்பாமல் இருந்திருக்கிறன்."

"அக்கா..."

"அக்கா எண்டு சொல்லாதை."

நவரத்தினம் முகத்திலிருந்து கையை எடுத்தார். "பற்றிமா, நீ போ" என்றார் மெதுவாக. "கெய்கருக்குச் சொல்லு. இப்ப இங்க இருக்காதை. போ."

திங்கட்கிழமை காலையில் அவள் கெய்கரிடம் போனாள். தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். பிறகு அவள் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். கன்றுகளைக் கிளப்பிய அன்று மண்ணுக்குள்ளால் தும்பு வேர் தெரிந்ததை அவரும் கண்டாராம். மழை கொட்டியது, லொறி காத்துக்கொண்டு நின்றது, மண் அப்பியதால் அப்படித் தெரிகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாராம். புத்தகத்தில் நவரத்தினத்தின் எழுத்தைக் கண்டபோது நிம்மதியாக இருந்தது என்றார்.

"இது நம் இருவரோடும் இருக்கட்டும்" என்றார். "அவர் போய்விட்டார். ஐசலேக்கும் வேறு கன்றுகள் கொடுத்தாயிற்று."

இன்னொருவரும் தன்னைப் போலத்தான் என்று அறிவதில் ஆறுதல் கிடைக்கும் என்று அவள் எண்ணியிருக்கலாம். கிடைக்கவில்லை. "எழுதித் தாருங்கள்" என்றாள். "பிழை அவருடையது அல்ல என்று எழுதி, கையெழுத்து வைத்துத் தாருங்கள். இல்லாவிட்டால் நானே எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுவேன்."

அவர் எழுதினார். தன் பங்கை எழுதவில்லை. அவளுடைய பங்கை எழுதினார். அதுவே போதும் என்று அவள் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தலைமைப் பொறுப்பையும் அலுமாரித் திறப்பையும் திருப்பிக் கொடுத்தாள். அதே கிழமை ஐசலேயிடமும் போனாள். அந்தக் கிழவி அவளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "வாளி தூக்கினீர்களே மூன்று நாள், அப்போதும் தெரியுமா?"

"தெரியும்."

ஐசலே தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை.

டுசல்டோர்ஃபிலிருந்து பதில் வரவில்லை. நவரத்தினம் மறுபடியும் கார் ஓடத் தொடங்கிவிட்டார் என்றும், நகரப் பூங்காவில் வேலை எடுத்துவிட்டார் என்றும் வேறு ஆட்கள் மூலம்தான் கேள்விப்பட்டாள். கதை தமிழ் ஆட்களுக்குள் பரவியது. பூசைக்குப் பிறகு அவளோடு நின்று கதைக்கிற பெண்கள் குறைந்தார்கள். மகள் எவ்லின் ஒருநாள், "அம்மா, நீங்கள் அப்பிடிச் செய்தது உண்மையோ?" என்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஓம் என்று சொல்வதற்கு, கெய்கரிடம் சொன்னதைவிட அதிக நேரம் எடுத்தது.

2006 ஆனியில் ஒரு கலியாணக் கடிதம் வந்தது. கிரிஜாவின் கலியாணம். 'திரு. திருமதி யாகோப்பு' என்று அச்சுப் போன்ற எழுத்தில் முகவரி. போவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தாள். போனாள். மண்டபத்தில் கடைசி வரிசையில் யாகோப்புக்குப் பின்னால் மறைந்ததுபோல் இருந்தாள். சந்திரா அந்தப் பக்கம் வந்தபோது யாகோப்பிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள்.

நவரத்தினம் மாப்பிள்ளையின் தகப்பனை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தார். பற்றிமாவின் முன்னால் நின்றார். அவள் எழுந்தாள்.

"இவ பற்றிமா" என்றார் சம்பந்தியிடம். "ஸ்டுட்கார்ட்டில என்னோட பதினொரு வருசம் வேலை செய்தவ."

அதற்கு மேல் ஏதாவது சொல்லுவார் என்று அவள் நிலத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி கைகூப்பினார். அவளும் கூப்பினாள். அவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். யாகோப்பு அவளுடைய சேலை நுனியைப் பிடித்து இழுத்து, "இரு, எல்லாரும் பார்க்கினம்" என்று சொல்லும் வரைக்கும் அவள் கூப்பிய கையோடு நின்றுகொண்டிருந்தாள்.